மாண்ட்ரியலில் கைகூடியது கியோட்டோவில் ஏன் கைகூடவில்லை?

கேள்வி:
ஓசோனுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் (1987) உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்தன. புவி வெப்பமாதலைத் தடுக்க 1997-ல் உருவான கியோட்டோ உடன்படிக்கையை அமெரிக்கா கடைசிவரை உறுதிசெய்யவில்லை. இரண்டுமே 'கைதிகளின் இக்கட்டு' (ஒத்துழைத்தால் எல்லோருக்கும் நல்லது, ஆனால் நழுவுவதே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே லாபம் என்ற நிலை) என்றால் முடிவு ஏன் வேறானது? கணக்கோடு விளக்க முடியுமா?

பதில் 1:
10 நாடுகள். உமிழ்வைக் குறைக்கும் நாட்டுக்குச் செலவு 2.5, அதன் பலன் பத்து நாடுகளுக்கும் ஆளுக்கு 1. எல்லோரும் குறைத்தால் தலைக்கு 7.5. ஒன்று மட்டும் நழுவினால் அதற்கு 9. அதனால் நழுவுகிறார்கள். கூட்டணி 3-க்குச் சுருங்கியதும் நிற்கிறது: ஆளுக்கு 0.5 மிச்சம். இன்னொருவர் போனால் மீதி இருவருக்கு 2 − 2.5, நஷ்டம், அவர்களும் கைவிடுவார்கள், போனவருக்கும் 0. நான்கு பேராக இருந்தால் இது வேலை செய்யாது: இருந்தால் 1.5, போனால் 3. பத்தில் மூன்று, அவ்வளவுதான் தானாக நிற்கும்.

பதில் 2:
அதே கணக்கில் வெளியே நிற்பவருக்கு 1.5-க்கு மேல் (2.5 − 1) இழப்பு வையுங்கள், பத்தும் உள்ளேயே இருக்கும். மாண்ட்ரியலின் 4-வது பிரிவு அந்த இழப்புதான்: சேராத நாடுகளோடு சி.எஃப்.சி. (ஓசோன் படலத்தை அரிக்கும் குளிரூட்டி வாயுக்கள்) வணிகத்துக்குத் தடை. இரண்டு மூன்று நாடுகள் தடை போட்டால் யாருக்கும் வலிக்காது. ஆகவே குறைந்தது 11 நாடுகள், அதுவும் இவ்வகைப் பொருள்களின் 1986 உலக நுகர்வில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டவை, சேர்ந்த பிறகே உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் என்று வைத்தார்கள். ஏழை நாடுகளின் செலவுக்கு 1990-ல் லண்டனில் பலதரப்பு நிதி உருவானது. அதன் பிறகே சீனாவும் (1991) இந்தியாவும் (1992) வந்தன. என் பார்வையில் தடையைவிட இந்த நிதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
கியோட்டோவிலும் தண்டனை இருந்ததே? இலக்கைத் தவறிய அளவைப்போல் 1.3 மடங்கை அந்த நாட்டின் அடுத்த கட்ட உமிழ்வு ஒதுக்கீட்டில் கழிப்பார்கள்.

பதில் 2:
அடுத்த கட்ட இலக்கை அந்த நாடே பேரம்பேசித்தான் ஏற்கும். கழிக்கப்படும் அளவையும் ஈடுகட்டும்படி தளர்வான இலக்கு கேட்கலாம். மேலும், ஓராண்டு முன்னறிவிப்பில் விலகலாம். கனடா 2011 டிசம்பரில் அறிவித்து 2012 டிசம்பரில் வெளியேறியது.

பதில் 3:
ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணம் (இறக்குமதிப் பொருளின் தயாரிப்பில் வெளியான கார்பனுக்கான கட்டணம்) 2026 முதல் எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரத்துக்கு அமலில் இருக்கிறது. சொந்த நாட்டில் கட்டிய கார்பன் விலை கழிக்கப்படும் என்பதால், அந்த வரியைத் தானே வசூலிப்பது ஏற்றுமதி நாட்டுக்கு லாபம். ஓட்டை ஒன்று: ஆலை குறைந்த உமிழ்வில் தயாரித்த எஃகை ஐரோப்பாவுக்கும் மற்றதை வேறு சந்தைக்கும் அனுப்பலாம், மொத்த உமிழ்வு அப்படியே இருக்கும். இன்னும் பல பெரிய சந்தைகள் இதே கட்டணத்தைப் போடாதவரை வெளியே நிற்பவரின் இழப்பு அந்த 1.5-ஐ எட்டாது.