வரலாற்று வகுப்பில் போஸ்டர் எதற்கு?

கரும்பலகை:
மாணவர் போராட்ட வரலாற்றை இந்த முறை பாடநூல் இல்லாமல் நடத்தினேன். முதல் வாரம் ஆவணங்கள், அடுத்த வாரம் போஸ்டர் தயாரிப்பு. சக ஆசிரியர் ஒருவர் இது ஓவிய வகுப்பு வேலை என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய கோப்பு:
அவர் சொல்வதுதான் சரி. தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஜூன் 16 அன்று மாணவர்கள் தெருவுக்கு வந்ததற்குப் பின்னால், கணக்கையும் சமூக அறிவியலையும் வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியான ஆப்பிரிகான்ஸில் படிக்கச் சொன்ன 1974 ஆணை இருக்கிறது. அதற்கும் பின்னால், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியாகத் தாழ்ந்த கல்வியை வகுத்த 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம். இதையெல்லாம் ஒரு அட்டையில் எப்படி அடக்குவீர்கள்? பிள்ளைகள் ஒரு முஷ்டியை வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள். கோஷம் மட்டும்தான் மிஞ்சும்.

மைக்கறை:
ஆவணத்தைப் படிக்காத பிள்ளைதான் முஷ்டி வரையும். 1968 மே மாதம் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியை மாணவர்கள் கைப்பற்றி அச்சுக்கூடமாக்கினார்கள். வரைந்ததெல்லாம் அச்சேறவில்லை. கருத்து சரியா, படம் அதைச் சொல்கிறதா என்று கூட்டத்தில் வாதாடிய பிறகுதான் அச்சு. யாரும் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாதத்தை வகுப்பில் நடத்துங்கள். எந்த வரியை விடுவது என்று சண்டை வரும்போதுதான் பிள்ளைகள் ஆணையை மறுபடி எடுத்துப் படிப்பார்கள்.

பழைய கோப்பு:
வாதம் நல்லதுதான். ஆனால் ஆவணப் பெட்டியில் காவல்துறை அறிக்கை இருக்கும், நிர்வாகத்தின் சுற்றறிக்கையும் இருக்கும். போஸ்டர் ஒரு பக்கம்தான் பேசும். அதற்கு மதிப்பெண்ணும் போட்டால், வேறு கருத்துள்ள பிள்ளை என்ன செய்யும்?

கரும்பலகை:
மதிப்பெண் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். 1970இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்து அச்சிட்ட போஸ்டர்களில் பல, பயன்படுத்திய கணினித் தாளின் பின்பக்கத்தில் அச்சானவை. ஒன்றின் படத்தைக் காட்டினேன். ஓரம் நெடுக ஓட்டைகள். “இது ஏன்?” என்றாள் ஒரு மாணவி. தாள் எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு அவசரம் என்று பேச்சு வளர்ந்தது. அந்த ஆண்டு மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை அவளே தேடி எடுத்துவந்தாள்.

பழைய கோப்பு:
அது ஆவணத்தை உற்றுப் பார்த்ததால் கிடைத்தது. போஸ்டர் செய்ததால் இல்லையே.

கரும்பலகை:
அன்று காலைதான் அவள் மெல்லிய தாளில் அச்சடிக்கப் பார்த்தாள். மை ஊறி, தாள் கிழிந்து கையோடு வந்துவிட்டது. அதனால்தான் அவள் கண் முதலில் தாளுக்குப் போனது.

பழைய கோப்பு:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மதிப்பெண்ணைப் போஸ்டருக்குப் போடாதீர்கள். எந்த ஆவணத்தில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், ஏன் என்று அரைப் பக்கம் எழுதவைத்து அதற்குப் போடுங்கள். எதிர்த்தரப்பு ஆவணம் ஒன்றாவது அதில் கட்டாயம் வர வேண்டும்.