மணல் மூட்டையில் சேர்கிற குரூப் பைபாடில் விரிகிறது: எந்த பைபாட் வாங்கலாம்?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. என்னிடம் இருப்பது 0.177 அங்குல பிசிபி ஏர் ரைஃபிள் (சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்த காற்றில் சுடுவது), 20 ஜூல் சக்திக்குள் வருவது, அதனால் லைசென்ஸ் வேண்டியதில்லை. தோட்டத்தில் மஞ்சள் காயப்போடுகிற சிமெண்ட் களத்தில் படுத்துக்கொண்டு 50 மீட்டரில் பேப்பர் டார்கெட் சுடுகிறேன். கிணறு வெட்டிக் கொட்டிய மேடுதான் பின்னால் தடுப்பு. மணல் மூட்டை மேல் வைத்தால் ஐந்து பெல்லட்டும் பத்து ரூபாய்க் காசுக்குள் அடங்கும். ஆன்லைனில் வாங்கிய பைபாடை, அதாவது இரண்டு கால் தாங்கியை, மாட்டினால் துளைகளின் கூட்டம் (குரூப்) உள்ளங்கை அகலத்துக்கு விரிகிறது. ஸ்கோப் திருகெல்லாம் முறுக்கியாச்சு, பெல்லட்டும் மாத்திப் பார்த்தாச்சு. பைபாடே மட்டம் போல. பதினைந்தாயிரம் வரை போடலாம், எது வாங்கட்டும்?

சிங்காநல்லூர் லேத்:
தம்பி, காசை எடுக்கும் முன்னால் ஒன்று சொல்லுங்க. பைபாட் எதில் மாட்டியிருக்கிறது, ஸ்டாக் என்கிற கட்டையிலா, பேரல் என்கிற குழலிலா?

கோபிக்காரன்:
பேரலைக் கவ்வுகிற கிளாம்ப் அண்ணா. முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே.

சிங்காநல்லூர் லேத்:
அப்போ கோளாறு அங்கேதான். நீங்கள் படுத்துத் தோளைக் கொடுக்கும்போது ரைஃபிளின் முன்பாரம் முழுக்க அந்தக் கிளாம்ப் வழியாகப் பேரலை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்க யாராலும் ஆகாது. அரை மீட்டர் பேரலின் முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 50 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போகும். கீழே இருக்கிற காற்று சிலிண்டரில் மாட்டுவதும் வேண்டாம். அழுத்தம் ஏற இறங்க அதுவும் கொஞ்சம் அசையும், பேரலும் அதோடு சேர்த்துப் பிடித்திருக்கும். பைபாட் உட்கார வேண்டிய இடம் ஸ்டாக்கின் முன்பகுதி. இது சரியாகாமல் விலை கூடின பைபாட் வாங்கினால் விலை கூடின குரூப் அகலம்தான் கிடைக்கும்.

அப்புறம் சிமெண்ட் களம். ரப்பர் பாதம் அதில் வழுக்கும், மஞ்சள் தூள் படிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு சாக்கை மடித்துக் கால்களுக்கு அடியில் போடுங்க. பின்பக்கம் ஸ்டாக்கை இடது கையில் தாங்காதீர்கள், சின்னப் பை ஒன்று வையுங்கள். திருப்பூரில் பனியன் கழிவுத் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும், அதை இறுக்கி அடைத்த பழைய பேண்ட் கால் போதும். பையைக் கையால் அமுக்கினால் பின்பக்கம் உயர்ந்து குறி இறங்கும், விட்டால் ஏறும்.

தாராபுரத்தான்:
எனக்கு ஸ்டாக்கில் மாட்டியும் விரிகிறதே? ஸ்பிரிங் ரைஃபிள்.

சிங்காநல்லூர் லேத்:
ஸ்பிரிங் என்றால் கதை வேறு. பெல்லட் பேரலை விட்டு வெளியே வருவதற்குள் பிஸ்டன் முன்னே ஓடி நின்று ரைஃபிளைப் பின்னும் முன்னும் உதறிவிடும். அதைத் தடையில்லாமல் உதற விட வேண்டும், திறந்த உள்ளங்கையில் லேசாகத் தாங்கிச் சுடுங்க. பைபாடை மறந்துவிடுங்க.

பொள்ளாச்சி தோப்பு:
போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் பைபாடில் பழகவே வேண்டாம் தம்பி. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் நின்று சுடுவது. 2024 பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியிலும் பைபாட் கிடையாது. படுத்துச் சுடுகையில் கையில் கட்டிய வார்தான். பைபாடுக்கென்றே இருப்பது எஃப்-டிஆர் என்கிற தொலைதூரப் போட்டி வகை. அதில் .223 அல்லது .308 தோட்டா, பைபாடோடு சேர்த்து 8.25 கிலோ வரம்பு. நம் ஊரில் அதற்கு லைசென்ஸ், பெரிய ரேஞ்ச் எல்லாம் வேண்டும்.

இன்னொன்று, கிணத்து மேடு என்றீர்களே. வெடி வைத்து எடுத்த கல்லாக இருந்தால் பெல்லட் தெறித்துத் திரும்பும். கல்லில்லாத மண் மூட்டைகளை முன்னால் அடுக்குங்க. மேட்டுக்குப் பின்னால் ஆடு மேய்க்கிறவர்கள் நடமாடுகிறார்களா என்றும் பாருங்க.

கோபிக்காரன்:
கல்தானுங்க, மூட்டை அடுக்கிவிடுகிறேன். போட்டி இல்லை, பேப்பரில் துளை சேர்ந்தால் போதும். அப்போ ஸ்டாக்கில் மாட்டுகிற மாதிரி எதைப் பார்ப்பது?

சிங்காநல்லூர் லேத்:
படுத்துச் சுட 6 முதல் 9 அங்குல உயரம் போதும். 13 அங்குலத்துக்கு மேல் நீள்வதெல்லாம் உட்கார்ந்து சுடுகிறவர்களுக்கு, நீண்ட கால் ஆட்டமும் கூட. பக்கவாட்டில் சாய்கிற வசதி கட்டாயம் இருக்கட்டும். களம் தண்ணீர் வடியச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். 5 டிகிரி சாய்ந்து சுட்டால் உங்கள் பெல்லட் வேகத்துக்கு 50 மீட்டரில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் பக்கம் தள்ளும். கால்களில் வெட்டுப் படிகள் இருந்தால் இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்துவது சுலபம். ஹாரிஸ் எஸ்-பிஆர்எம் இந்த மூன்றும் உள்ளது, வார் மாட்டுகிற ஸ்டட்டிலேயே (ஸ்டாக்கில் திருகியிருக்கும் சின்னக் குமிழ்) ஏறும். அதே அமைப்பில் வரும் நகல்களும் ஏர் ரைஃபிளுக்குத் தாங்கும், கால் கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் ஆட்டிப் பார்த்து எடுங்க.

கோபிக்காரன்:
என் ஸ்டாக்கில் ஸ்டட் இல்லைங்களே அண்ணா. மரம்தான், நானே துளை போட்டுக்கலாமா?

சிங்காநல்லூர் லேத்:
போடலாம், ஆனால் ரைஃபிளோடு வைத்துப் போடாதீர்கள். மேலே சிலிண்டரில் 200 பார் காற்று நிற்கும், ட்ரில் பிட் அதைத் தொடவே கூடாது. ஸ்டாக்கைத் தனியாகக் கழற்றி, சின்ன பிட்டில் ஆரம்பித்து, ஸ்டட் உள்பக்கம் எட்டிப் பார்க்காத நீளத்தில் எடுங்க. மாட்டிய பிறகு சிலிண்டருக்கும் ஸ்டட் முனைக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் இடம் இருக்க வேண்டும்.