மறுமொழி: ‘அடோபி’க்குத் தமிழில் என்ன? – ‘பச்சைமண்கல்’ என்பது என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

> ‘களிமண் கல்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஈரானின் பாம் கோட்டை பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது, ‘அடோபி’க்கு, அதாவது சூளையில் சுடாமல் வெயிலில் மட்டும் காயவைத்துக் கட்டும் மண் கல்லுக்கு, என்ன சொல் போடுவது என்ற சிக்கல் வந்ததாக இந்த மடலிழையைத் தொடங்கிய அம்மா எழுதியிருந்தார். அந்தக் கோட்டைக்குள் நடந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெர்மான் மாகாணத்தில், லூத் பாலைவனத்தை ஒட்டி இருக்கிறது பாம். சுற்றிலும் பேரீச்சந் தோப்புகள். பாறைக் குன்றின்மேல் ஆளுநர் மாளிகை; அதன் கீழே மதில் சூழ்ந்த ஒரு முழு ஊர். கடைத்தெரு, பள்ளிவாசல், குதிரை லாயம், வீடுகள் என்று எல்லாமே மண். தொடக்கம் பழைய பாரசீகப் பேரரசை ஆண்ட அக்கமனியர் காலத்துக்கு, அதாவது கி.மு. 6 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் போகிறது என்கிறார்கள். கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வணிகப் பாதைகள் கூடும் இடமாக, பட்டுக்கும் பருத்தித் துணிக்கும் பேர்போன ஊராக ஓங்கி நின்றது. 18ஆம் நூற்றாண்டில் ஆப்கானியப் படையெடுப்புக்குப் பின் மக்கள் மெல்ல மெல்ல வெளியேறினார்கள். கடைசியில் படைவீரர்கள் மட்டும் தங்கும் இடமாகி, 1932இல் அதுவும் நின்றுபோனது. புதுப்பிக்கும் வேலை 1953இல் தொடங்கியது.

2003 டிசம்பர் 26, விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் நிலநடுக்கம். அளவு 6.6. பாம் நகரிலும் சுற்றுப்புறத்திலும் 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் தூக்கத்திலேயே. கோட்டையின் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகச் சரிந்தது. அடுத்த ஆண்டே யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாகவும் ஆபத்தில் இருக்கும் சின்னமாகவும் ஒருசேர அறிவித்தது. ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது 2013இல்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அங்கே பாதி இடிந்து நிற்கும் சுவர் ஒன்றின் வெட்டுமுகத்தை அருகில் போய்ப் பார்த்தேன். நறுக்கிய வைக்கோல் துண்டுகள் பொன்னிறம் மாறாமல் நீட்டிக்கொண்டிருந்தன. நடுநடுவே பொடிக்கற்கள், மணல். கல் எது, இரண்டு கல்லுக்கு நடுவே பூசிய சாந்து எது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. ஏனென்றால் இரண்டும் ஒரே மண். வெறும் களிமண்ணை அச்சில் போட்டால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். அதனால்தான் மணலும் வண்டலும் களியும் கலந்த மண்ணை எடுத்து, வைக்கோல் சேர்த்து மிதிக்கிறார்கள். ‘களிமண் கல்’ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். செய்முறையையே அது தவறாகச் சொல்கிறது.

> ‘வெயிற்கல்’ அழகாக இருக்கிறதே?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சூளைக்குப் போகிற கல்லும் முதலில் வெயிலில் காய்ந்துதான் போகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெயிலில் இல்லை, நெருப்பில் இருக்கிறது. நெருப்பைக் கண்டது செங்கல், காணாதது இது. ‘மண்செங்கல்’ என்று சில செய்தித்தாள்களில் பார்க்கிறேன். செங்கல்லும் மண்ணால் ஆனதுதானே, அப்புறம் அந்த ‘மண்’ எதற்கு?

நம் சூளைகளில் சுடுவதற்கு முன் உள்ளதைப் பச்சைக்கல் என்கிறார்கள். கல் அறுக்கிறவர்கள் நாள்தோறும் புழங்குகிற சொல் அது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றால், மரகதத்துக்கும் பச்சைக்கல் என்று பெயர் இருப்பது இடிக்கிறது. நடுவில் ‘மண்’ சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும்: பச்சைமண்கல். சுடுமண் என்ற பழைய சொல்லுக்கு நேர் எதிராகப் பச்சைமண் நிற்கிறது. பாரசீகத்திலும் இதற்குக் ‘கெஷ்த்-எ காம்’ என்று பெயர். காம் என்றால் சமைக்காத, பக்குவப்படாத பச்சை. கட்டினவர்களின் மொழியும் நம் சூளைக்காரர் மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, ஸ்பானியம் வழியாக வந்த ‘அடோபி’யை நாம் ஏன் எழுத்துப்பெயர்த்துச் சுமக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். “சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?” என்று பழமொழி சொல்வோமே, மரபுக் கட்டடங்களைப் பாதுகாப்பவர்களுக்கு அது அன்றாடப் பிரச்சினை. பச்சைமண் சுவரின் ஓட்டையைச் செங்கல்லும் சிமென்ட்டும் கொண்டு அடைத்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. ஒன்று இறுக்கம், மற்றது இளக்கம். சிமென்ட்டுக்குப் பின்னால் ஈரம் தங்கி உள்சுவரைக் கரைக்கும். பாமில் பச்சைமண்ணால் செய்த புதுப்பிப்பிலும் சிக்கல் இருந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் ஆராய்ந்தவர்கள், பிற்காலத்தில் பழைய சுவர்மேல் சேர்த்த பகுதிகள் பழையதோடு ஒன்றாமல் பிரிந்து விழுந்ததையும், கைவைக்காமல் விட்டிருந்த சில பழஞ்சுவர்கள் தாங்கி நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் ‘பச்சைமண் கட்டுமானம்’ என்ற தொடர் கையில் இருக்க வேண்டும். ‘செங்கல் கோட்டை’ என்று எழுதினால் அந்தச் சேதியே போய்விடும்.

> மண் + கல் = மட்கல் அல்லவா? மட்பாண்டம், மட்குடம் போல.

இலக்கணப்படி ஐயா சொல்வது சரி. ஆனால் மண்சட்டி, மண்கலயம் என்றும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். கலைச்சொல்லில் ‘மண்’ கண்ணுக்குத் தெரிவது நல்லது என்பது என் கருத்து. பச்சைமட்கல் என்று எழுத விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

கட்டுரையில் வரும் மற்ற சொற்களையும் தொட்டுவிடுகிறேன். பாமில் எல்லாச் சுவரும் கல் வைத்துக் கட்டியதல்ல. குழைத்த மண்ணைக் கையால் ஓர் அடுக்கு வைத்து, அது காய்ந்தபின் அதன்மேல் அடுத்த அடுக்கு வைப்பதும் உண்டு. அங்கே அதற்குச் ‘சீனே’ என்று பெயர். ‘அடுக்குமண் சுவர்’ போதும். சுவர்மேல் பூசும் ‘காஹ்கெல்’ என்பதில் காஹ் வைக்கோல், கெல் சேறு. ‘வைக்கோல்மண் பூச்சு’ என்றால் யாருக்கும் விளங்கும். இந்தப் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் மழை குறைந்த பாலைவனத்திலும் சுவர் கரையும் என்பதைக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

கனாத் மட்டும் எனக்கு முடிவாகவில்லை. மலையடிவார நிலத்தடி நீரைச் சாய்வான சுரங்கம் வழியாக, இறைக்காமல், தானாக ஊருக்கு ஓடிவரச் செய்யும் ஏற்பாடு அது. பாம் பாலைவனத்தில் உயிரோடு இருந்ததே அதனால்தான். ‘சுருங்கை’ என்ற பழஞ்சொல் நிலத்தடி வழியைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போகும் இடத்தில் ‘சுருங்கை வீதி’ வருகிறது. ‘நீர்ச்சுருங்கை’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் வருகிறது. ஆனால் கனாத்தின் நெடுகத் தோண்டியிருக்கும் கிணறு போன்ற குழிகளை அது சொல்லவில்லை.

குழுவில் சூளைத் தொழில் நடக்கும் ஊர்க்காரர்கள் இருந்தால், உங்கள் பக்கம் சுடாத கல்லுக்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டே சொல்லாக்கப் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்