பழிசாரா மணமுறிவும் எதிருரையில்லா மணமுறிவும்

> குற்றமற்ற மணமுறிவு என்றே வைத்துக்கொள்ளலாமே தம்பி. இரண்டுமே பரஸ்பர சம்மதம்தானே?

அக்கா, வணக்கம். நம் பட்டியலுக்கு 'நோ-ஃபால்ட் டிவோர்ஸ்' (no-fault divorce), 'அன்கன்டெஸ்டட் டிவோர்ஸ்' (uncontested divorce) என்ற இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம் அல்லவா, முதல் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

'குற்றமற்ற' வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் பச்சைத்தேயிலை போடும் பெரியவர் ஒருவர், இங்கிலாந்திலிருக்கும் மகளின் வக்கீல் அனுப்பிய கடிதத்தின் தமிழாக்கத்தோடு வந்தார். அதில் இந்தச் சொல்தான் இருந்தது. "எம் பொண்ணு மேல தப்பில்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சுங்களா?" என்றார். முகத்தில் அத்தனை நிம்மதி. இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

2022 ஏப்ரல் 6 முதல் அங்கே நடப்பிலுள்ள சட்டத்தில், மணவாழ்வு முறிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாலே போதும். யார் மேல் தப்பு என்று நீதிமன்றம் பார்ப்பதேயில்லை. ஆகவே 'பழிசாரா மணமுறிவு' என்பேன். 'அரசு சாரா' பழகிய காதுக்கு இது உறுத்தாது.

இரண்டாவது சொல்லான 'அன்கன்டெஸ்டட்' காரணத்தைப் பற்றியதன்று, வழக்கு நடக்கும் விதத்தைப் பற்றியது. கணவர் கைவிட்டு 2 ஆண்டாயிற்று என்று மனைவி மனுப் போடுகிறார், கணவர் எதிர்க்கவில்லை. பழி உண்டு, சண்டை இல்லை. கலிபோர்னியாவில் 1970 முதல் பழி சொல்லாமலே பிரியலாம். ஆனாலும் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் வழக்காடுவோர் உண்டு. பழி இல்லை, சண்டை உண்டு.

நமக்கு இது குழம்பக் காரணம், இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 13பி பிரிவு என்று நினைக்கிறேன். ஓராண்டு பிரிந்திருந்த இருவரும் சேர்ந்தே மனுப் போடுவது அது. பழியும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. இரண்டும் ஒரே மனுவில் அடங்கியதால் 'பரஸ்பர சம்மதம்' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

எதிர்மனுதாரர் போடும் பதிலை ஊட்டி கோர்ட்டில் 'கவுண்டர்' என்பார்கள், தமிழில் எதிருரை. அதனால் 'எதிருரையில்லா மணமுறிவு'.

குன்னூரிலிருந்து

---

தம்பி,

பழிசாரா எனக்குச் சம்மதம். அந்தப் பெரியவருக்காகவே ஏற்கலாம்.

எதிருரையில்லாவில் ஒரு சிக்கல். நோட்டீஸ் வாங்கியும் வராமலிருந்து 'எக்ஸ்பார்ட்டி' ஆனவரும் எதிருரை போடாதவர்தான். அங்கேயும் மனுதாரர் தன் குற்றச்சாட்டை மெய்ப்பித்தே ஆகவேண்டும். எதிர்க்க மனமில்லாதவரையும், பஸ்ஸுக்குக் காசில்லாமல் மலையிறங்க முடியாதவளையும் ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வராதவர்களுக்கு 'ஒருதலைத் தீர்ப்பு' தனியாக இருக்கட்டும். வந்து, படித்து, எதிர்க்காதவர்களுக்கு மட்டும் உன் சொல். இந்த வரையறையோடு சேர்த்தால் பட்டியலில் ஏற்றுகிறேன்.

கொடைக்கானலிலிருந்து