பழைய ஈதர் பாட்டில்: புதுப்பிப்பு

போன வாரம் கேட்டிருந்தேனே, ஆய்வக அலமாரியின் பின்வரிசையில் பாதி காலியான டைஎத்தில் ஈதர் (ஆய்வகத்தில் பயன்படும் ஒரு கரைப்பான்) பாட்டில் ஒன்று, மூடி ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது, திறந்து சோதிக்கலாமா என்று. நல்லவேளை, திறக்கவில்லை. "தொடாதே" என்று எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அந்த வெள்ளைப் பொரி பெராக்சைடாக இருக்கலாமாம். ஈதர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து அதை உண்டாக்குகிறது, மூடியைத் திருகும்போது வரும் உராய்வே அது வெடிக்கப் போதும். பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னதும் அறையைப் பூட்டிவிட்டு, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களை வரவழைத்தார், அவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். லேபிளில் திறந்த தேதி எழுதும் கட்டம் இருந்தது, காலியாக! எழுதாதது வேறு யாருமில்லை, நான்தான்.

பெராக்சைடு இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டை பற்றிக் கேட்டவர்களுக்கு: அது உள்ளே திரவம் தெளிவாக இருக்கும் பாட்டிலுக்கு மட்டும்தான், படிகம் தெரிந்தால் சோதனையே வேண்டாம். ஈதரில் BHT என்ற தடுப்புப் பொருள் கலந்து வருகிறதே என்றால், அது பெராக்சைடு உருவாவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், நாளாக ஆக அதுவும் தீர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் வைப்பதும் தீர்வல்ல, அதுவும் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி என்றால் உள்ளே பொறி பறக்கும், ஈதரோ மைனஸ் 45 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும்.

அப்புறம், இதே மாதிரி பெராக்சைடு உண்டாக்கும் இன்னொரு கரைப்பானான டெட்ராஹைட்ரோஃபியூரான் பாட்டில்களையும் பார்த்தேன். இரண்டில் தேதி இல்லை.