கொம்பன் செல்லியும் செம்பன் செல்லியும்

கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கம் எங்கள் விளையில் (தோப்பில்) 40 மூடு தென்னை நிற்கிறது. காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மருந்து தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மலையாளத்தில் முதலாவதைக் கொம்பன் செல்லி, இரண்டாவதைச் செம்பன் செல்லி என்று பெயரிலேயே பிரித்துவிட்டார்கள். எனக்கு அது புரிவதற்குள் ஒரு மரம் போய்விட்டது.

கொம்பன் வந்தால் கண்ணுக்குத் தெரியும். குருத்து மடங்கியிருக்கும்போதே துளைத்துவிடும். ஓலை விரியும்போது கத்திரியால் விசிறிபோல வெட்டியது மாதிரி இருக்கும். ஓட்டை வாயில் மென்று தள்ளிய நார். தேங்காய் வெட்ட வரும் அண்ணன் கொக்கிக் கம்பியை விட்டு ஒன்றை இழுத்துப் போட்டார். கறுப்பு, கட்டைவிரல் தடிமன், தலையில் ஒற்றைக் கொம்பு. கையில் எடுத்தால் கால் முள் தோலைப் பிடித்துக்கொள்கிறது. இதன் புழு மரத்தில் இருக்காது. எங்கள் உரக்குண்டைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது.

சரி, வண்டை எடுத்தாச்சு என்று ஓட்டையை அப்படியே விட்டேன். அந்த மரத்திலேயே கல்யாணப் பந்தலுக்குப் பச்சை மட்டைகளைத் தடியோடு (மரத்தண்டோடு) ஒட்டி வெட்டவும் செய்தேன். இரண்டும் தப்பு. செம்பன் அந்தக் காயங்களில்தான் முட்டையிடும். செம்பழுப்பு நிறம், நீண்டு வளைந்த மூக்கு. ஆணுக்கு மூக்கின் மேல் சின்ன மயிர்க்கற்றை. புழு முழுக்க மரத்துக்குள்ளேயே தின்று வளரும். ஓலை பச்சையாகவே இருந்தது. தடியில் பழுப்புச் சாறு வடிந்ததைச் சாறு வடியும் நோய் என்று நினைத்துவிட்டேன். அம்மாதான் தடியில் காதை வைத்து, "மக்ளே, உள்ள என்னமோ கறுக்கு கறுக்குன்னு திங்குது" என்றார். கொஞ்ச நாளில் கொண்டை சாய்ந்தது. 12 வயசு மரம். பிளந்தபோது புளித்த நாற்றம். நாரைச் சுற்றிக் கட்டிய கூடுகள், ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு. எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்போது குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வைக்கிறேன். உரக்குண்டில் கொம்பன் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை போடுகிறேன். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால் தடியிலிருந்து 4 அடி விட்டுத்தான் வெட்டுவேன். 5 முதல் 20 வயசுக்குள் இருக்கும் மரங்களைத்தான் செம்பன் அதிகம் பிடிக்கும். மாதம் ஒருமுறை அவற்றில் நானும் அம்மாவும் காது வைத்துக் கேட்கிறோம்.