சின்னப் பாய்மரப் படகில் தம்பதியாகத் தீவு சுற்றியவர்கள்: வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

நாங்கள் போவது லங்காவிக்கு. மலேசியாவின் வடமேற்கு மூலையில், தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற தீவுக்கூட்டம். 99 தீவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு இருவரும் போகத் தொடங்கினோம். வாடகைக்கு எடுக்கிற படகு 34 அடி நீளம். ஒரு பாய்மரம், ஒரு சின்ன டீசல் இன்ஜின். படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த 34 அடிக்குள்ளேயே.

இடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் முதலில் ஒரு நியூசிலாந்து அம்மாவைப் பற்றி.

தாயாங் புந்திங் தீவை ஒட்டி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் நிற்கிற இடத்தில் நங்கூரம் போட்டிருந்தோம். ஏப்ரல் மாதம். அந்தக் கடற்பகுதியில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்ற ஒரு காற்று வரும். இரவில் மலாக்கா நீரிணையின் மேல் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, விடிவதற்கு முன் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். அதுவரை காற்றே இருக்காது. அப்புறம் திடீரென்று பெருங்காற்று, கண்ணைத் திறக்க முடியாத மழை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் படகுக்காரர்களுக்குப் பரீட்சை.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் நின்ற படகின் நங்கூரம் பிடி விட்டது. படகு அப்படியே பின்வாங்கி எங்களை நோக்கி வருகிறது. அதில் இருந்தவர்கள் எழுபதை நெருங்கிய தம்பதி. முந்தின நாள் மாலையே பேசியிருந்தோம். அந்தப் பெரியவர் முதுகு பிடித்துக்கொண்டு எழ முடியாமல் படுத்திருந்தார். வெளியே வந்தது அந்த அம்மா மட்டும். தலையில் ஒரு விளக்கு, மேலே மழைக்கோட்டு. இன்ஜினைப் போட்டார், காற்றுக்கு எதிராகப் படகைத் திருப்பினார், மெல்ல முன்னேறி எங்களை விட்டு விலகினார். காற்று ஓயும்வரை அங்கேயே இன்ஜின் பலத்தில் படகை நிறுத்தி வைத்திருந்தார். நாங்கள் இருவரும், படகு மோதினால் தாங்குகிற ரப்பர் மெத்தைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சத்தம், ஒரு பதற்றம் அவரிடம் இல்லை. வெளுத்ததும் சங்கிலியை ஏற்றி, வேறு இடம் பார்த்து மறுபடி நங்கூரம் போட்டார். அதற்கப்புறம் சின்ன ரப்பர் படகில் எங்களிடம் வந்து, உங்கள் படகுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்தார்.

எப்படி இவ்வளவு நிதானம் என்று கேட்டேன். "ஒரு வாரம் நான் கேப்டன், அடுத்த வாரம் அவர். யார் கேப்டனோ அவர் சொல்வதுதான். சமையலும் அப்படியே மாறும்" என்றார். பல வருடங்களாக இதுதான் அவர்கள் வழக்கமாம்.

நான் பார்த்த வரையில் தம்பதிகள் ஓட்டும் படகு பெரும்பாலும் ஒருவருடைய படகாகத்தான் இருக்கிறது. கணவர் சுக்கானைப் பிடிப்பார், முடிவெடுப்பார், மனைவி கயிறு எடுத்துக் கொடுப்பார். கணவர் தவறிக் கடலில் விழுந்தால் அந்த மனைவியால் படகைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? இரண்டே பேர் இருக்கிற படகில் இந்தக் கேள்விக்கு 'முடியும்' என்ற பதில் இல்லாமல் துறையை விட்டுக் கிளம்புவது பெரிய ஆபத்து. இதை நான் அழுத்தித்தான் சொல்வேன்.

அந்த அம்மாவைச் சந்தித்ததிலிருந்து எங்கள் படகிலும் முறை வைத்துக்கொண்டோம். வாரக்கணக்கு எங்களுக்கு நீளம் என்பதால் நாள் கணக்கு. ஒற்றைப்படைத் தேதி என்னுடையது, இரட்டைப்படை அவருடையது. நங்கூரம் போடும்போது பேச்சே கிடையாது, கை சைகைதான். ஒருவர் முன்னால் சங்கிலியருகே, ஒருவர் பின்னால் சுக்கானில். நடுவே இன்ஜின் இரைச்சலில் பேசினால் கத்த வேண்டும், கத்தினால் கோபமாகத்தான் கேட்கும். மூடிய முட்டி என்றால் நிறுத்து. நீட்டிய கை என்றால் அந்தப் பக்கம் திருப்பு. உள்ளங்கையைப் பின்னால் தள்ளினால் ரிவர்ஸ்.

சங்கிலி எவ்வளவு விடுவது என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. நீர் வற்றியிருக்கும்போது ஆழம் 6 மீட்டர் என்று வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி லங்காவியில் கடல் ஏறக்குறைய 3 மீட்டர் ஏறும். படகின் முன்முனை நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர். ஆக 10. அதைப்போல் 5 மடங்கு, அதாவது 50 மீட்டர் சங்கிலி. நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை. சங்கிலி தரையோடு கிடந்து படுக்கைவாட்டில் இழுத்தால்தான் ஏர்க்கொழு மாதிரி மண்ணுக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சங்கிலிக்குப் பதில் கயிறு என்றால் 7 மடங்காவது வேண்டும்.

இரண்டாவது ஆள் லங்காவியின் குவா ஊரில் கிடைத்த மெக்கானிக். இன்ஜின் ஓடும்போது பின்பக்கத்தில் புகையோடு கடல்நீரும் பீய்ச்சி வர வேண்டும். அந்த நீர்தான் இன்ஜினைக் குளிர வைக்கிறது. அன்று புகை மட்டும் வந்தது. உடனே நிறுத்தினோம். துறையில் நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒருவர் வந்து நின்றார். "தண்ணி வரலையா? இம்பெல்லர் போயிருக்கும்மா" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சேலம் என்றதும் அவர் முகம் மாறியது. அவருடைய தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஆத்தூரை அவர் பார்த்ததில்லை. வசிஷ்ட நதியில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டார். எப்போதோ ஓடும் என்றேன்.

கடல்நீரை இழுக்கிற பம்பைக் கழற்றி, இம்பெல்லர் என்கிற, இதழ் பிய்ந்த ரப்பர் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். அப்புறம் செய்ததுதான் பெரிய உதவி. புதியதைத் தானே மாட்டாமல் என் கையில் கொடுத்து, "நீங்க மாட்டுங்கம்மா. கடல்ல நான் வர மாட்டேன்ல" என்றார். பிய்ந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் தேடி எடுக்கவும் சொன்னார். ஒரு துண்டு குழாயில் தங்கினாலும் நீர் அடைத்து இன்ஜின் மறுபடி சூடாகுமாம். கூலி வாங்க மறுத்தார். மறுநாள் சேலத்து ஜவ்வரிசியில் பாயசம் காய்ச்சி, துறையில் போய்க் கொடுத்தோம்.

மற்றபடி ஒரு மலை. தெளிவான நாளில் லங்காவியின் தெற்கே வந்தால் பெருநிலத்தில் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர், நம் ஏற்காட்டைவிட உயரம் குறைவு. ஆனால் கடலோரத்திலேயே தனியாக எழுந்து நிற்பதால் வங்கக்கடலைத் தாண்டி வந்த பழைய மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கோயில் சிதைவுகள் கிடைத்த இடம். நாம் கடாரம் என்று படித்தது இந்தக் கெடாவைத்தான். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த பக்கம். ஜிபிஎஸ் கையில் இருந்தாலும் நான் அந்த மலையை வைத்துத் திசை பார்ப்பேன். என் முறை வரும் நாளில் கட்டாயம்.

ஏற்காடு காப்பித் தோட்டம்:

அக்கா, உங்கள் நியூசிலாந்து அம்மா கதையை என் வீட்டம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாங்கள் போனது இந்தியப் பெருங்கடலில் இருக்கிற தீவு நாடான சீஷெல்ஸ். செப்டம்பர் கடைசி, காப்பிப் பழம் பறிப்புக்கு முன் தோட்டத்தில் வேலை குறைவான சமயம். தென்கிழக்குக் காற்று இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. அங்கே பெரிய தீவான மாஹேயிலிருந்து பிராலின் தீவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரப் பயணம். காற்றும் அலையும் பக்கவாட்டில் வரும். படகு நன்றாக ஓடும், வயிறு தாங்காது.

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் வளர்ந்தவர் என் மனைவி, காரில் ஒருநாளும் வாந்தி வந்ததில்லை. கடலில் அரை மணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. உடன் வந்த உள்ளூர்க் கேப்டன் அவரை உள்ளே படுக்கவிடவில்லை. சுக்கானைக் கையில் கொடுத்து, தொடுவானத்தை மட்டும் பாருங்கள் என்றார். கண்ணுக்குத் தெரிகிற அசைவும் காதுக்குள் உணர்கிற அசைவும் ஒத்துப்போனால் குமட்டல் அடங்கும். கீழே அறைக்குள் இருந்தால் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. உட்காது அசைகிறது என்கிறது. அதுதான் சிக்கல். சற்று நேரத்தில் அவர் தெளிந்து, பிராலின் வரை சுக்கானை விடவே இல்லை. அதிலிருந்து எங்கள் படகில் சுக்கான் அவருடையது.

அங்கே சந்தித்தவர்களில் முதலிடம் ஆமைக்கு. கியூரியஸ் தீவில் அல்டாப்ரா ராட்சத ஆமைகள் சுதந்திரமாகத் திரிகின்றன. வளர்ந்த ஆண் ஆமை 200 கிலோவுக்கு மேல் போகும். ஒன்று எங்கள் முன் வந்து கழுத்தை நீட்டி நின்றது. கழுத்தடியைத் தடவினால் காலை நிமிர்த்தி இன்னும் உயரும் என்று வனக்காவலர் செய்து காட்டினார். என் மனைவி அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் கடைசி ரப்பர் படகு வரை உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் விக்டோரியா நகரில் நவசக்தி விநாயகர் கோயில். கடைவீதிக்கு நடுவே கோபுரம். 1770-இல் அந்தத் தீவுகளில் முதன்முதலாகக் குடியேறிய சிறு கூட்டத்திலேயே ஐந்து தென்னிந்தியர்கள் இருந்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். பூசை முடிந்து பிரசாதம் கொடுத்த பெரியம்மா ஒருவர், நாங்கள் படகிலேயே தங்கியிருக்கிறோம் என்று கேட்டதும் ஒரு தூக்கு நிறைய எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். அலையில் அடுப்பு மூட்ட முடியாத மறுநாளுக்கு அதுதான் சாப்பாடு. எலுமிச்சை, புளி போட்ட சாதம் வெப்பத்தில் சீக்கிரம் கெடாது. கிளம்புகிறவர்கள் புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள்.

கடல் தேங்காய் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: உலகிலேயே பெரிய விதை அதுதான். அனுமதிச் சான்று இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுவர முடியாது.

ஓமலூர் தம்பி:

அக்கா, அண்ணா, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. எங்களுக்கு இந்தத் தையில்தான் கல்யாணம் ஆனது. எனக்கு மேட்டூர்க் கால்வாயில் கற்ற நீச்சல் உண்டு, அவளுக்கு நீச்சல் தெரியாது. லங்காவி போக எது நல்ல மாதம்? நேரே போய்ப் படகு எடுக்க முடியுமா? அவளுக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

தம்பி, பயம் இருக்கட்டும், தப்பில்லை. நீச்சலை இங்கேயே கற்றுக்கொள்ளச் சொல்லு. அதுவரை லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மேல்தளத்துக்கு வரக்கூடாது. நீச்சல் தெரிந்த உனக்கும் இரவில் அதே விதிதான்.

மாதம் என்றால் டிசம்பரிலிருந்து மார்ச். வடகிழக்குக் காற்று சீராக வீசும், மழை குறைவு. நம் ஊரில் பனி விழும் மாதங்கள்தான் அங்கே பாய் விரிக்க ஏற்றவை. நான் சொன்ன ஏப்ரல் காற்றைப் புதியவர்கள் தவிர்த்துவிடலாம்.

நேரே போய் நீங்களே ஓட்டுகிற படகு எடுக்க வேண்டாம். தகுதிச் சான்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் எடுக்கக் கூடாது. முதல்முறை கேப்டனோடு எடுங்கள். பிடித்திருந்தால் ஐந்து நாள் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன, படகிலேயே தங்கிக் கற்றுக்கொள்வது. அதில் இருவரும் சேருங்கள். நீ மட்டும் சேர்ந்துவிட்டு அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைக்காதே. வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். வெளியாளிடம் கற்றால் இருவரும் சமமாக நிற்பீர்கள்.

அவளிடம் நம் கடற்படையின் தில்னா, ரூபா இருவரைப் பற்றிச் சொல்லு. ரூபா புதுச்சேரிப் பெண். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கிளம்பி, இரண்டே பேராக உலகைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பி வந்தார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் முழுப் படகையும் பார்த்துக்கொள்ள வேண்டிய எட்டு மாதம் அது.

குரங்கு பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. தாயாங் புந்திங் துறையில் குரங்குகள் பிளாஸ்டிக் பை எதைப் பார்த்தாலும் பிடுங்கும். நம் ஏற்காடு லேடீஸ் சீட்டில் எப்படிப் பையை மறைத்துக்கொண்டு நடப்போமோ, அங்கேயும் அப்படியே நட.

பயிற்சி முடிந்து நீங்களே ஓட்டப் படகை உங்களிடம் ஒப்படைக்கும்போது ஆள் ஒருவர் எல்லாம் காட்டுவார். அவர் இருக்கும்போதே இன்ஜினைப் போடுவது, நங்கூரம் இறக்கி ஏற்றுவது, பெரிய பாயைப் பாதியாகச் சுருக்குவது, ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசையில் பேசுவது, இந்த நான்கையும் நீ ஒருமுறை, அவள் ஒருமுறை தனியாகச் செய்யுங்கள். அவசரப்படுத்தினால் விடாதீர்கள். அவளும் முடித்த பிறகு கயிற்றை அவிழ்க்கலாம்.